ஜாஸ் வாசிக்கக் கைக்கு இதமான நெக்: மலையூரில் இருப்பவர்கள் எலெக்ட்ரிக் கிட்டார் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

கோவையிலோ மதுரையிலோ கடையில் பத்து நிமிடம் வாசித்துப் பார்த்து வாங்கிய கிட்டார், ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ வந்து இரண்டு மாதம் ஆனதும் கையைப் படுத்தத் தொடங்கும். பழி நெக்கின் மேல், அதாவது இடது கை பிடிக்கும் நீண்ட கழுத்தின் மேல், விழும். பல நேரம் நெக் மேல் தப்பே இருக்காது. நட்டின் (நெக்கின் தலைப்பக்கத்தில் கம்பிகள் உட்காரும் சிறு பட்டை) பள்ளம் ஆழம் போதாமல் இருக்கும், கம்பி மழைக்கு உயர்ந்திருக்கும், அல்லது ஜனவரிக் குளிரில் விரல் விறைத்திருக்கும்.

அதனால் முதலில் இரண்டு பட்டியலைப் பிரித்துக்கொள்ளுங்கள். வாங்கிய பிறகு மாற்ற முடியாதவை: நெக்கின் தடிமன், பின்புற வளைவு, அகலம், ஸ்கேல் நீளம் (நட்டிலிருந்து, உடலில் கம்பியைத் தாங்கும் பிரிட்ஜ் வரை கம்பி அதிரும் நீளம்), ஃபிரெட்போர்டின் ரேடியஸ் (விரல் அழுத்தும் பலகையின் குறுக்கு வளைவு), உடலின் ஆழம். மாற்ற முடிந்தவை: கம்பியின் உயரம், நட் பள்ளம், நெக்கின் நீளவாக்கு வளைவு, கம்பியின் தடிமன், நெக் மீதுள்ள பூச்சின் வழவழப்பு. முதல் பட்டியலுக்குத்தான் காசு கொடுக்கிறோம். இரண்டாவது பட்டியலில் குறை இருக்கிறது என்பதற்காக நல்ல கிட்டாரை ஒதுக்குவதும், அது நன்றாக இருக்கிறது என்பதற்காகப் பொருந்தாத கிட்டாரை வாங்குவதும்தான் வழக்கமாக நடக்கும் இரண்டு தவறுகள்.

படி 1: இப்போது கையில் இருப்பதை அளந்துகொள்ளுங்கள்

புதியதைத் தேடும் முன் இப்போது வாசிக்கும் கிட்டாரின் அளவு தெரிய வேண்டும். பள்ளி கிட்டாரோ, நண்பரின் அக்கௌஸ்டிக்கோ, எதுவானாலும் பரவாயில்லை. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் வெர்னியர் காலிப்பர் போதும்.

நட்டின் அகலத்தை மரத்தின் ஓரத்திலிருந்து ஓரம் வரை அளங்கள். பிறகு ஆறாம் கம்பியின் நடுவிலிருந்து முதல் கம்பியின் நடு வரை. இந்த இரண்டாவது அளவைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரே 43 மி.மீ. நட்டில்கூட கம்பிகளை நெருக்கியும் பரப்பியும் வெட்டியிருப்பார்கள். தடிமன் பார்க்கக் கம்பியைச் சற்றுத் தளர்த்தி, முதல் ஃபிரெட்டுக்கும் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) இரண்டாவதுக்கும் நடுவே காலிப்பரை வையுங்கள். ஃபிரெட் மேலேயே வைத்தால் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாகக் காட்டும். பன்னிரண்டாம் ஃபிரெட் பக்கத்திலும் ஒருமுறை.

வளைவைப் பிடிக்க ஒரு சுலபமான வழி: தடித்த சால்டரிங் ஈயக் கம்பியை ஒரு சாண் நீளம் வெட்டி, முதல் ஃபிரெட்டுக்குப் பின்னால் நெக்கைச் சுற்றி விரலால் அழுத்துங்கள். வடிவம் கலையாமல் மெல்ல எடுத்துத் தாளில் வைத்து உள்பக்கமாகப் பென்சிலால் வரையுங்கள். ஐந்தாம், பன்னிரண்டாம் ஃபிரெட்டிலும் அப்படியே. இந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகலாம். அங்கே உள்ள கிட்டாரையும் இதேபோல் வரைந்து ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், "கொஞ்சம் தடியா இருக்கு" என்ற மங்கலான உணர்வுக்கு என்ன காரணம் என்று கண்ணுக்கே தெரியும்.

படி 2: தடிமனும் வடிவமும்

மெலிந்த நெக்தான் வசதி என்ற நம்பிக்கை ராக் வாசிப்பவர்களிடமிருந்து வந்தது. வேகமாக ஒற்றை ஸ்வரங்களை ஓட்டுபவருக்கு அது சரி. ஜாஸில் கை செய்யும் வேலை வேறு. நான்கு ஸ்வர கார்டுகளை (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டுகளை) ஒரு தாளச் சுற்றுக்கு ஒன்றோ இரண்டோ என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கட்டைவிரல் பின்னால் நின்று எதிர்ப்பு கொடுக்க வேண்டும். நெக் மெலிந்திருந்தால் கட்டைவிரலும் மற்ற விரல்களும் ஒன்றையொன்று நெருங்கி வந்து கிள்ளுவதுபோல் இறுக்க வேண்டியிருக்கும். தேயிலைத் தோட்டத்தில் கவாத்து வெட்டுபவர் கத்தியின் பிடிக்குத் துணி சுற்றித் தடிமன் ஏற்றிக்கொள்வதற்கும் இதே காரணம்தான்: பிடி உள்ளங்கையை நிறைத்தால் இறுக்கம் குறையும்.

முதல் ஃபிரெட் பக்கத்துத் தடிமனை வைத்து இப்படிப் பிரிக்கலாம். 19 மி.மீ. அளவில் இருப்பவை இபானெஸின் விஸார்ட் வகை. தட்டையாகவும் மெல்லியதாகவும் இருக்கும். 20.5 முதல் 21.5 வரை இன்றைய பெரும்பாலான 'சி' வடிவ நெக்குகள். 22.5க்கு மேல் போனால் 1950களின் பாணி. உருண்டையாகக் கையை நிறைக்கும். நடுத்தரக் கை உள்ளவர் ஜாஸுக்கு 21 முதல் 22.5 வரையிலான சி வடிவத்திலிருந்து தேடத் தொடங்கலாம்.

தடிமன் எண் ஒன்றாக இருந்தாலும் தோள் வேறுபடும். ஃபிரெட்போர்டின் ஓரத்திலிருந்து பின்புறம் இறங்கும் அந்த வளைவைத்தான் தோள் என்கிறோம். 'டி' வடிவத்தில் அது சதைப்பற்றாகப் புடைத்திருக்கும்; சி வடிவத்தில் சரிந்திருக்கும்; 'வி' வடிவத்தில் ஓரம் ஒடுங்கி நடுவில் முதுகெலும்புபோல் மேடு இருக்கும். கட்டைவிரலை மேலே சுற்றி ஆறாம் கம்பியின் பேஸ் ஸ்வரத்தைப் பிடிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்குத் தோள் சரிந்த சியும் மென்மையான வியும் ஒத்துவரும். அமெரிக்க ஜாஸ் கிட்டார் கலைஞர் டால் ஃபார்லோ அப்படிப் பிடித்தவர், அவருக்குக் கையும் பெரியது. கட்டைவிரலை நெக்கின் நடுமுதுகிலேயே வைப்பவருக்கு வியின் மேடு உறுத்தும்.

வலி எங்கே வருகிறது என்பதே வழிகாட்டும். கால் மணி நேரம் கார்டு மட்டும் வாசித்தபின் கட்டைவிரலின் அடிச்சதை கடுத்தால் நெக் உங்களுக்கு மெலிவு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள தோல் இழுத்தால் தோள் தடிப்பு. மணிக்கட்டின் உட்புறம் வலித்தால் அகலம் அதிகம், அல்லது கிட்டாரை மிகத் தாழ்வாகத் தொங்கவிட்டிருக்கிறீர்கள். விரல் மரத்துப்போவதும் சுருக்கென்று குத்துவதும் வேறு கதை; வாசிப்பை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

படி 3: நட் அகலம்

கிப்ஸன் வழியில் வரும் கிட்டார்களில் 43 மி.மீ. என்பது வழக்கம். ஸ்குவையர் அஃபினிட்டி டெலிகாஸ்டரில் 42. யமஹா பசிஃபிகா 112இல் 41. 1960களின் பிற்பகுதியில் வந்த பழைய கிப்ஸன்களில் 40க்கும் சற்றுக் கீழே இருக்கும். யாராவது "வின்டேஜ்" என்று விற்க வந்தால் காலிப்பரை வைத்துப் பாருங்கள்.

41க்கும் 43க்கும் உள்ள வித்தியாசம் ஐந்து இடைவெளிகளில் பரவும்போது ஒவ்வொன்றிலும் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனாலும் கைக்குத் தெரியும். ஜி மைனர் 7 பிடித்துப் பாருங்கள்: நடுவிரல் ஆறாம் கம்பியின் மூன்றாம் ஃபிரெட்டில், மோதிர விரல் நான்கு, மூன்று, இரண்டாம் கம்பிகளை அதே ஃபிரெட்டில் படுத்து அழுத்த வேண்டும். ஐந்தாம் கம்பி ஒலிக்கக் கூடாது. அதை அடக்குவது நடுவிரல் நுனியின் சதைதான். நெக் அகலம் உங்களுக்கு அதிகமென்றால் அந்தச் சதை ஐந்தாம் கம்பியைத் தொடாது. திறந்த 'ஏ' ஸ்வரம் கார்டுக்குள் புகுந்து கலங்கடிக்கும். குறைவென்றால் நடுவிரல் ஐந்தாம் கம்பியை அழுத்தியே விடும், பக்கத்து விரலும் நெருக்கும். இந்த ஒரு கார்டு எந்த அட்டவணையையும்விடத் தெளிவாகச் சொல்லிவிடும்.

பிக் இல்லாமல் விரலால் மீட்டி கார்டும் மெலடியும் சேர்த்து வாசிக்க நினைப்பவருக்கு 43 முதல் 44.5 வரை நல்லது. மெல்லிய விரலும் சின்னக் கையும் உள்ளவர்கள் 42ஐ ஒதுக்க வேண்டியதில்லை.

படி 4: ஸ்கேல், ரேடியஸ்

இரண்டு ஸ்கேல்களைத் தெரிந்துகொண்டால் போதும்: ஃபெண்டர் வழியில் 648 மி.மீ., கிப்ஸன் வழியில் சுமார் 628. முதல் ஃபிரெட்டிலிருந்து ஐந்தாவது வரை விரலை விரித்தால் முன்னதில் 126 மி.மீ., பின்னதில் 122. தாழ்ந்த ஃபிரெட்டுகளில் விரிவான கார்டுகள் பிடிக்கும்போது அந்த 4 மி.மீ. சுண்டுவிரலுக்குப் பெரிய உதவி. இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதால் அதே கம்பி, அதே ஸ்ருதி என்றால் குறுகிய ஸ்கேலில் இழுவிசை 6% குறைவு. 628இல் 12ஆம் எண் கம்பி (தடிமன் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு), 648இல் 11.6 போட்டதுபோல் இருக்கும்.

எல்லாப் பெரிய ஜாஸ் கிட்டாரும் குறுகிய ஸ்கேல் என்று எண்ணிவிடக் கூடாது. ஜாஸ் கலைஞர்கள் ஜோ பாஸும் ஜிம் ஹாலும் வாசித்த கிப்ஸன் இஎஸ்-175 குறுகிய ஸ்கேல். வெஸ் மான்ட்கோமரியின் கிப்ஸன் எல்-5 நீண்ட ஸ்கேல்.

ரேடியஸ் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 184 மி.மீ. என்ற பழைய ஃபெண்டர் வளைவு கம்பியை வளைத்து வாசிப்பவர்களுக்குத்தான் தொல்லை; வளைக்கும்போது ஸ்வரம் செத்துவிடும். ஜாஸில் அந்த வேலை குறைவு. வளைந்த போர்டு பார் கார்டுக்கு (ஒரே விரலால் பல கம்பிகளை அழுத்தும் கார்டு) உதவவே செய்யும். 241, 305 இரண்டும் எல்லோருக்கும் ஒத்துவரும்.

படி 5: நெக் எங்கே முடிகிறது, உடல் எங்கே தொடங்குகிறது

இஎஸ்-175 போன்ற உள்ளீடற்ற ஆர்ச்டாப்பில் (மேல்பலகை வளைந்து மேடிட்ட கிட்டார்) நெக் பதினான்காம் ஃபிரெட்டில் உடலோடு சேரும். அதற்கு மேலே கை உடலின் மேல் ஏற வேண்டும். இஎஸ்-335 வகை மெல்லிய உடல் கிட்டாரில் பத்தொன்பதாம் ஃபிரெட் வரை தடையில்லை. டெலிகாஸ்டரில் சேருமிடத்தில் ஒரு சதுரக் கட்டை உள்ளங்கையில் இடிக்கும். பன்னிரண்டுக்கு மேல் அதிகம் போகாதவருக்கு அது பொருட்டே அல்ல. டெலிகாஸ்டரில் ஜாஸா என்று முகம் சுளிப்பவர்கள் கனடாவின் ஜாஸ் கலைஞர் எட் பிக்கர்ட் வாசித்ததைக் கேட்க வேண்டும்.

உடலின் ஆழத்துக்கும் இடது மணிக்கட்டுக்கும் தொடர்பு உண்டு. 85 மி.மீ. ஆழமான ஆர்ச்டாப்பை மடியில் வைத்தால் நெக் முன்னால் தள்ளிப்போகும், வலது தோளும் உயரும். உயரம் குறைவானவர்கள் நெக் அளவு எல்லாம் சரியாக இருந்தும் இதனால் சிரமப்படுவார்கள். உடல் ஆழம் பாதியாக உள்ள செமி-ஹாலோவில் (இஎஸ்-335 போல நடுவில் மரக்கட்டை உள்ள வகை) அதே நெக் வேறு நெக் போல் இருக்கும். உட்கார்ந்து கையை எடுத்ததும் தலைப்பக்கம் கீழே சாய்கிறதா என்றும் பாருங்கள். சாய்ந்தால் இடது கை கார்டும் பிடித்து நெக்கையும் தூக்கிக்கொண்டிருக்கும்.

படி 6: கடையில், இந்த வரிசையில்

ஆம்ப் போடாமல் தொடங்குங்கள். சத்தம் நன்றாக இருந்தால் கை சொல்வது காதில் ஏறாது.

முதலில் நெக்கின் இரு ஓரங்களிலும் விரலை ஓட்டுங்கள். ஃபிரெட் நுனிகள் குத்துகின்றனவா? அடுத்து ஆறாம் கம்பியை முதல் ஃபிரெட்டிலும் நெக் உடலோடு சேரும் ஃபிரெட்டிலும் அழுத்திப் பிடித்து, ஏழாம் ஃபிரெட்டில் கம்பிக்குக் கீழே ஒரு விசிட்டிங் கார்டை நுழையுங்கள். உரசாமலும் தொளதொளவென்றும் இல்லாமல் போனால் சரி. இடைவெளி அதிகமென்றால் ட்ரஸ் ராட் (நெக்குக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் இரும்புத் தண்டு) வேலை இருக்கிறது; அதன் சாவியைக் கேட்டு வாங்கி, திருகு அசைகிறதா என்று கடைக்காரரையே கால் சுற்றுத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். மலையில் வைத்திருக்கப்போகும் கிட்டாரில் ட்ரஸ் ராட் வேலை செய்வது நிறத்தைவிட, பிக்கப்பைவிட (கம்பியின் அதிர்வை மின்னொலியாக்கும் காந்தப் பகுதி) முக்கியம்.

பிறகு தாழ்ந்த ஃபிரெட்டுகளில் ஒரு சுற்று: சி மைனர் 7, எஃப் 13, பி ஃபிளாட் மேஜர் 7. எஃப் 13இல் ஆறாம், நான்காம் கம்பிகள் முதல் ஃபிரெட், மூன்றாம் கம்பி இரண்டாவது, இரண்டாம் கம்பி மூன்றாவது. இந்தக் கார்டு கடினமாக இருந்தால் உடனே முடிவெடுக்காதீர்கள். முதல் ஃபிரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டி, எல்லாவற்றையும் ஒரு ஃபிரெட் மேலே தள்ளி வாசியுங்கள். சட்டென்று லேசானால் குறை நட் பள்ளத்தில். கைதேர்ந்தவர் அரை மணி நேரத்தில் சரிசெய்துவிடுவார். கேப்போ போட்டும் அதே சிரமம் என்றால் நெக் உங்களுக்கானது அல்ல.

அதன்பின் விடாமல் கால் மணி நேரம். மெதுவான கார்டுகள், நடுவில் பன்னிரண்டுக்கு மேல் சில வரிகள். கடைசியாக ஆம்ப், நெக் பிக்கப், டோனைப் பாதி குறைத்து.

ஒரு எச்சரிக்கை. சமவெளிக் கடையில் உங்கள் கை சூடாகவும் வியர்வையோடும் இருக்கும். ஊட்டியில் ஜனவரி காலை பாத்திரம்கூடத் தொட முடியாத குளிரில் அதே கை இன்னொருவருடைய கை. கடையில் 12 எண் கம்பி சுகமாக இருந்தால் வீட்டுக்கு 11 என்று எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

ஆன்லைனில் வாங்கினால்

பார்க்க வேண்டிய எண்கள் நான்கு: நட் அகலம், ஸ்கேல், முதல் ஃபிரெட் தடிமன், ரேடியஸ். அங்குலத்தில் இருந்தால் 25.4ஆல் பெருக்குங்கள். தடிமனைப் பெரும்பாலோர் போடுவதில்லை. விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள், "ஸ்லிம் டேப்பர்" என்ற பெயரை நம்பாதீர்கள். ஆர்ச்டாப் வேண்டுமென்றால் இபானெஸ் ஏஎஃப்75 அளவுகளை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்: 43 நட், 628 ஸ்கேல், 305 ரேடியஸ். திருப்பி அனுப்பும் வசதி உங்கள் பின்கோடுக்கு உண்டா என்று பணம் கட்டும் முன்பே பாருங்கள். பெட்டி வருவது ஒன்று, திரும்ப எடுத்துப்போக ஆள் வருவது இன்னொன்று.

மலை ஏற்றுதல்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறினாலும் வளைவுக்குக் குறைவில்லை. நிறுத்தி வைத்த கிட்டார் விழுந்தால் முதலில் உடைவது நட்டுக்குப் பின்னால் உள்ள இடம். தலை பின்னோக்கிச் சாய்ந்த கிப்ஸன் வகைகளுக்கு இந்த அபாயம் அதிகம். ஃபெண்டரின் நேரான தலை தாங்கும். படுக்க வையுங்கள், பெட்டிக்குள் நெக்கின் கீழே ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள், தலை எதையும் தொடக் கூடாது. கம்பிகளை ஒரு ஸ்வரம் அளவு இறக்கினால் போதும். குளிரில் எஃகு சுருங்கி ஸ்ருதி தானாக ஏறும். பூட்டிய காரின் டிக்கியில் வெயிலில் விட வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறக்காமல் சில மணி நேரம் வைத்திருங்கள். வெப்பம் மெல்ல இறங்கட்டும். பூச்சு சட்டென்று குளிர்ந்தால் மயிரிழை விரிசல் விழும்.

படி 7: கம்பியும் செட்டப்பும்

ஒரு வாரம் அறையிலேயே இருக்கட்டும், பிறகு கை வையுங்கள்.

ஜாஸுக்குப் பெரும்பாலோர் விரும்புவது தட்டை இழை சுற்றிய ஃபிளாட்வூண்ட் கம்பி: டி'அடாரியோ குரோம்ஸ் 11–50 (முதல், ஆறாம் கம்பிகளின் எண்கள்) அல்லது 12–52, தாமஸ்டிக் ஸ்விங் 12–50. மூன்றாம் கம்பியும் சுற்றுக்கம்பியாக இருக்கும், விரலுக்கு வழவழப்பாக இருக்கும், நெக்கில் சறுக்கும்போது கீச்சிடாது. ஆனால் கடையிலிருந்து வரும்போது 10–46 போட்டிருக்கும். 10இலிருந்து 12க்குப் போனால் முதல் கம்பியின் இழுவிசை 44% கூடும். 648 ஸ்கேலில் சுமார் 7.3 கிலோவிலிருந்து 10.6 கிலோ. நெக் முன்னோக்கி வளையும், பழைய நட் பள்ளத்தில் புதுக் கம்பி உட்காராமல் மேலே நிற்கும். புதுக் கம்பி மாட்டியதும் கை வலிக்கிறது என்பவர்களுக்கு இந்த இரண்டில் ஒன்றோ இரண்டுமோ நடந்திருக்கும்.

வேலையின் வரிசை மாறக் கூடாது. முதலில் ட்ரஸ் ராட்: வலப்பக்கம் திருப்பினால் நெக் நிமிரும். ஒரு நேரத்தில் எட்டில் ஒரு சுற்று, அதிகபட்சம் கால். மறுபடி ஸ்ருதி சேர்த்து அளங்கள். ஏழாம் ஃபிரெட்டில் 0.2 முதல் 0.3 மி.மீ. இலக்கு. திருகு இறுகிப்போய் அசையவில்லை என்றால் பலம் காட்ட வேண்டாம். அடுத்து பிரிட்ஜ்: பன்னிரண்டாம் ஃபிரெட்டில் முதல் கம்பி 1.5, ஆறாம் கம்பி 2.0 மி.மீ. மூன்றாவதாக நட்: கம்பியை மூன்றாம் ஃபிரெட்டில் அழுத்தினால் முதல் ஃபிரெட்டுக்கு மேல் ஒரு சாதாரணத் தாள் நுழையும் இடைவெளி இருக்க வேண்டும். நட் அரமும் பழக்கமும் இல்லாதவர் இதைத் தொடாமல் கீழே இறங்கும்போது கொடுத்துச் செய்வதே மேல். அதிகம் அராவிவிட்டால் நட்டையே மாற்ற வேண்டிவரும். கடைசியாகத்தான் இன்டொனேஷன், அதாவது மேல் ஃபிரெட்டுகளிலும் ஸ்ருதி சரியாக நிற்கும்படி பிரிட்ஜை நகர்த்துவது. ஆர்ச்டாப்பில் பிரிட்ஜ் ஒட்டப்படாமல் கம்பியின் அழுத்தத்தில்தான் நிற்கும். ஆறு கம்பியையும் ஒரேயடியாகக் கழற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

படி 8: பருவத்துக்குப் பருவம்

ஊட்டிக்கும் கூடலூர் பக்கத்துக்கும் மழைக்காலம் ஜூன் முதல் செப்டம்பர் வரை. குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அந்த மாதங்களில் அறைக்குள் ஈரப்பதம் 80%ஐத் தாண்டும். கிட்டாருக்கு 45 முதல் 55 வரை இதம். பெட்டிக்குள் ஒரு சின்ன ஹைக்ரோமீட்டரும் சிலிக்கா ஜெல் பைகளும் வையுங்கள். நிறம் மாறும் வகையென்றால் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். வெளிச்சுவரில் சாய்த்து வைத்தால் பெட்டிக்கே பூஞ்சணம் பிடிக்கும், தோல் ஸ்ட்ராப்புக்குக் கேட்கவே வேண்டாம்.

திட மரத்தில் குடைந்த ஆர்ச்டாப்பில் மேல்பலகை ஈரத்துக்கு ஊதி கம்பியை உயர்த்தும். பிளை அடுக்குப் பலகையில் இது மிகக் குறைவு. ஈரமும் வறட்சியும் மாறி மாறி வரும் ஊருக்கு விலை குறைந்த லாமினேட்தான் அறிவான தேர்வு, இதில் கௌரவக் குறைச்சல் இல்லை; இஎஸ்-175உம் லாமினேட்தான்.

ஜனவரி முதல் மார்ச் வரை எதிர்த்தொல்லை. பனிக்காற்றும் கணப்பும் ரூம் ஹீட்டரும் மரத்தை உலர்த்தும். மரம் சுருங்கும், ஃபிரெட் சுருங்காது. அதன் நுனி நெக் ஓரத்தில் நீட்டிக்கொண்டு கையைக் கீறும். நெக் மோசம் என்று பலர் கிட்டாரை விற்பதே இந்த மாதங்களில்தான். ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி நுண் அரத்தால் நுனிகளைச் சரித்துவிட்டால் அந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதனாலேயே முடிந்தால் வறண்ட மாதத்தில் வாங்குங்கள். குறை ஒளிந்திருக்காது.

மழைக்காலத்தில் பளபளப்புப் பூச்சு கொண்ட நெக் கையோடு ஒட்டும். மினுக்கம் குறைந்த சாட்டின் பூச்சு ஒட்டாது. ஏற்கெனவே பளபளப்பு நெக் வாங்கிவிட்டால், பெயின்ட் கடையில் கிடைக்கும் 2000 எண் வாட்டர் பேப்பரை உலர்வாகவே, மரத்தின் நீளவாக்கில், லேசாகப் பத்துப் பதினைந்து முறை ஓட்டுங்கள். மினுக்கம் போனால் போதும், மரம் தெரியக் கூடாது. இரும்பு நாரைப் பயன்படுத்தினால் பிக்கப்புகளை முதலில் டேப்பால் மூடுங்கள், தூள் காந்தத்தில் ஒட்டினால் எடுப்பது பெரும்பாடு. வாரண்டி இருக்கும் வரை இந்த வேலையைத் தள்ளிப்போடுங்கள்.